மேல் எடை என்னும் மயக்கம்

ஓர் எடைப் பிரிவில் எதிரியே இல்லாத அளவுக்கு வென்ற குத்துச்சண்டை வீரர் அந்தப் பிரிவிலேயே நின்றுவிட்டால் அவருடைய பெருமை அரைகுறையானது என்றும், அடுத்த பிரிவுக்கு ஏறித் தம்மினும் பருத்தவரை வீழ்த்தினால்தான் அது முழுமை பெறும் என்றும் ஒரு நம்பிக்கை, கட்டா குஸ்தி பார்த்து வளர்ந்த கொச்சிக் கரையிலிருந்து குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர் சொல்லி மார்தட்டும் வடசென்னை வரை பரவிக் கிடக்கிறது. துணிச்சலைப் போற்றுவதுபோல் தோன்றும் இந்நம்பிக்கை, திறமைக்கு உரிய இடத்தில் உடலின் கனத்தை உட்கார வைக்கிறது என்பதும், அதற்குச் சான்றாகக் காட்டப்படும் வெற்றிகளே அதற்கு எதிராகப் பேசுகின்றன என்பதும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

எடைப் பிரிவு என்பது போட்டியாளர் ஏறக்கூடிய உச்ச எடைக்கு விதிக்கப்படும் வரம்பு. குத்தின் வலு அதைத் தாங்கி நிற்கும் உடலின் கனத்தையும் சார்ந்திருப்பதால், கனத்தை ஏறக்குறைய சமமாக்கிவிட்டு, எஞ்சிய வேகம், கால் நகர்வு, தூரக் கணிப்பு, நெஞ்சுரம் ஆகியவற்றை மட்டும் மோதவிடுவதே அதன் நோக்கம். 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் நடந்த மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகின் தரம் லிட்டர் எடையால் அறியப்பட்டது; லிட்டருக்கு 500 கிராம் நிற்பதா, 550 கிராம் நிற்பதா என்று பார்ப்பதற்கு அளவுப் பாத்திரம் மாறாதிருக்க வேண்டும் என்பது அங்குள்ள எந்த வணிகருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. குத்துச்சண்டையில் எடைப் பிரிவுதான் அந்தப் பாத்திரம். அதைப் பெரிதாக்கிவிட்டு மணியின் தரம் நிரூபணமாயிற்று என்பது அளவையையே மறந்த பேச்சு.

இந்தியாவில் இந்நம்பிக்கைக்கு முதல் சான்றாகக் காட்டப்படுபவர் மேரி கோம். 2002-இல் 45 கிலோ பிரிவிலும், 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோ பிரிவிலும், 2010-இலும் 2018-இலும் 48 கிலோ பிரிவிலும் உலகப் பட்டம் வென்ற அவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றதை, பெருமையை நாடி எடை ஏறியவரின் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் ஏறியது பெருமையை நாடியன்று. பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட அந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்கு 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள் ஒதுக்கப்பட்டதால், 48 கிலோ உலக வெற்றியாளருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: எடையைக் கூட்டுவது, அல்லது வீட்டிலிருந்து பார்ப்பது. அதே போட்டியில் ஆண்களுக்குப் பத்துப் பிரிவுகள் இருந்தன. மணிப்பூரைச் சேர்ந்த தேவேந்திரோ சிங் 49 கிலோ பிரிவில் காலிறுதி வரை சென்றார். அவர் 52 கிலோவுக்கு ஏறித் தம்மை நிரூபிக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை.

லண்டனில் மேரி கோம் முதலில் வென்ற போலந்தின் கரோலினா மிகால்சுக், 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் பெற்றிருந்து கீழிறங்கி வந்தவர். அவரை 19-14 எனவும், துனிசியாவின் மரூவா ரஹாலியை 15-6 எனவும் வென்றபின், அரையிறுதியில் உயரமும் கை நீளமும் மிகுந்த இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்சிடம் 6-11 எனத் தோற்றார். அந்தத் தோல்வி அதுவரை அவர் பெற்றிருந்த ஐந்து உலகப் பட்டங்களில் ஒன்றையேனும் குறைத்ததா? குறைக்கவில்லை என்று ஒப்புக்கொள்பவர், அங்கே தங்கம் கிடைத்திருந்தால் அது அவற்றைக் கூட்டியிருக்கும் என்றும் சொல்ல இயலாது. ஒரு சோதனையில் தோற்றவரின் மதிப்பு குறையாதெனில், அது மதிப்பை அளக்கும் சோதனையே அன்று. நிர்வாகம் செய்த ஒரு குறைபாட்டை வீராங்கனையின் வீரக் கதையாக மாற்றிவிட்டதுதான் இதில் நேர்ந்தது.

இந்தக் கோரிக்கை ஒரே திசையில் மட்டும் செல்வதையும் பார்க்க வேண்டும். 2022-இல் 52 கிலோ உலகப் பட்டம் வென்ற நிகத் ஜரீன், ஒலிம்பிக் பிரிவுக்காக 50 கிலோவுக்கு இறங்கி 2023-இல் அதிலும் வென்றார். பட்டினியும் நீர் இழப்புமாக எடை குறைப்பது எடை கூட்டுவதினும் எளிதன்று என்றாலும், கீழிறங்கி வென்றதை எவரும் பேராற்றலின் முத்திரையாகக் கொள்வதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவு இல்லாமற்போனதால் 75-க்கு ஏறி, 2023-இல் உலகப் பட்டமும் வென்ற லவ்லினா போர்கோஹைன் மட்டும் இந்நம்பிக்கையின் நாயகி ஆகிறார். மிகு எடைப் பிரிவின் வெற்றியாளருக்கோ ஏற இடமே இல்லை. அவர் தேர்வு எழுதாமலே தேறியவர்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் இந்நம்பிக்கைக்கு வணிக முகமும் உண்டு. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1938-இல் மூன்று பிரிவுகளின் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தபோது உலகில் இருந்தவை எட்டே பிரிவுகள். இன்று நான்கு பெரிய அமைப்புகள் ஒவ்வொன்றும் பதினேழு பிரிவுகளுக்குக் குறையாமல் பட்டம் வழங்குவதால், மூன்று பவுண்டு ஏறினாலே புதிய பட்டமும் புதிய விளம்பரமும் கிடைத்துவிடுகின்றன. அதற்கும் மேலே, இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் இடைப்பட்ட வரம்பு ஒன்று உண்டு: மானி பாக்கியாவோ 2010-இல் அந்தோனியோ மார்கரிட்டோவை வென்று எட்டாவது பிரிவில் பட்டம் பெற்றபோது, 154 பவுண்டுப் பட்டத்துக்கான அந்தச் சண்டை 150 பவுண்டு வரம்பில்தான் நடந்தது. பாக்கியாவோ மாபெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஆதாரம் அவருடைய கைகளின் வேகமே அன்றி அந்த எட்டு என்ற எண் அன்று.

2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் 154 பவுண்டிலிருந்து 168-க்குத் தாவிக் கனேலோ அல்வாரெஸை வென்றது இந்நம்பிக்கையினரின் வலுவான வாதம். ஆனால் கிராஃபோர்ட் உயரத்தில் கனேலோவுக்குக் குறைந்தவரல்லர். கை நீளத்திலோ மூன்று அங்குலத்துக்கும் மேல் மிகுந்தவர். கனேலோவும் 154-இலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்தான். சிறியவர் பெரியவரை வென்றதாகக் கொண்டாடப்பட்ட அச்சண்டையில் பெரியவர் யார் என்பதே கேள்விக்குரியது. மறுபக்கத்தில், 147 பவுண்டு வெற்றியாளரான கெல் புரூக் 2016-இல் 160-க்கு ஏறிக் கென்னடி கொலோவ்கினிடம் கண்குழி எலும்பு முறிந்து தோற்றார். மறு ஆண்டு தம் சொந்தப் பிரிவில் எரால் ஸ்பென்சிடம் மற்றொரு கண்குழியும் முறிந்து, இருந்த பட்டத்தையும் இழந்தார். வென்றவரின் பெயர் சுவரொட்டியில் நிற்கிறது; இத்தகைய இழப்புகளைக் கணக்கில் எழுதுவோர் இல்லை.

1970 முதல் 1977 வரை 160 பவுண்டுப் பிரிவில் பட்டத்தைப் பதினான்கு முறை காத்த கார்லோஸ் மோன்சோனும், 1980 முதல் 1987 வரை அதே பிரிவை ஆண்ட மார்வின் ஹாக்லரும் மேலே ஏறவில்லை. ராபர்ட்டோ துரான், தாமஸ் ஹேர்ன்ஸ், சுகர் ரே லியோனார்ட் ஆகியோர்தாம் ஹாக்லரைத் தேடி ஏறி வந்தனர். ஓரிடத்தில் நிற்பதும் ஒரு சோதனைதான்; ஒவ்வோர் ஆண்டும் புதிதாக, பசியோடு வரும் இளையவரை எதிர்கொள்ளும் சோதனை அது.

கேரளத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2006-இல் புதுதில்லி உலகப் போட்டியில் இந்தியா பெற்ற நான்கு தங்கங்களில் ஒன்று மேரி கோமுடையது. 75 கிலோவில் மற்றொன்றை வென்றவர் கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா. விளையாட்டில் வாழ்நாள் சாதனைக்கான தியான்சந்த் விருது அவருக்குக் கிடைத்தது 2021-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் குறைபட்டது மேல் எடையில் மோதாத அவருடைய துணிச்சல் அன்று.