தாமிரபரணியை மலையிலிருந்து கடல் வரை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்



அரையாண்டு விடுமுறை வருகிறது. "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் சார்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஊட்டி, மூணாறுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது ஒரு நாள் பயணம். பாபநாசத்தில் தொடங்கி, தாமிரபரணியின் கூடவே காரில் இறங்கி, புன்னக்காயலில் அது கடலோடு சேரும் இடம் வரை போய் வாருங்கள். போன மாதம் நானும் வீட்டம்மாவும் தம்பி குடும்பத்தோடு அப்படிப் போய் வந்தோம்.

ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். பொதிகை மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் முடிகிறது. தொடக்கமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தூத்துக்குடி மாவட்டம் பிரிந்த 1986 வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. காவிரியில் தண்ணீர் குறைந்தால் பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டுகிறோம். தாமிரபரணி கெட்டால் யாரைக் கைகாட்டுவது? நம்மைத்தான். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

நம்மில் பலர் ஆற்றைத் துண்டு துண்டாகத்தான் அறிவோம். பாபநாசத்தில் குளியல், திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுக் கடலில் கால் நனைப்பது, இவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஆறு பாலத்தைக் கடக்கும் அரை நிமிடம் கார் கண்ணாடியில் தெரிவதோடு சரி.

பாபநாசத்தில் தண்ணீர் பளிங்கு போல வருகிறது. அங்கேயே, பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிக் கரையேற்றியும் தீரவில்லை. ஆற்றில் முங்கினால் பாவம் போகும் என்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. துணியை விட்டால்தான் போகும் என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று சாலை போகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். அவசரப்படாமல் போங்கள். இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. பெரும்பாலானவை ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. ஒன்றிலாவது இறங்கி, ஆற்றுநீர் எப்படிக் கால்வாயில் திரும்பி, குளங்களை நிரப்பி, வயலுக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரும்பலகையில் நான் ஒரு மணி நேரம் வரைந்து விளக்கியதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். பத்தமடைப் பாய் பார்க்கும்போது, அந்தக் கோரை வளர்ந்ததும் ஆற்றங்கரையில்தான் என்று சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் காட்சி மாறுகிறது. சாக்கடை ஆற்றில் கலப்பதைக் கண்ணால் பார்க்கலாம், மூக்காலும் அறியலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024இல் நேரில் வந்து பார்த்த விஷயம் இது. நெல்லை, தூத்துக்குடி மட்டுமல்ல, விருதுநகர் மாவட்டத்திலும் பல ஊர்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்து ஆதிச்சநல்லூர். தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி 2023இல் தளம் திறந்திருக்கிறார்கள். அவசியம் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் ஸ்ரீவைகுண்டம். எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இதுதான். ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. இதைத் தாண்டியபின் பல மாதங்களில் ஆற்றில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏரல் தாண்டினால் கொற்கை. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. பிறகு வந்த காயல் துறைமுகத்தை மார்க்கோ போலோ பார்த்து எழுதியிருக்கிறார். அதற்கும் அதே கதிதான்.

இதே ஆறுதான் 2023 டிசம்பரில் ஏரல் பாலத்தை உடைத்துக்கொண்டு போனது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரையோரத்து ஊர்கள் பட்ட பாட்டை நம் சொந்தக்காரர்களிடமே கேட்கலாம்.

புன்னக்காயலில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழை பெஞ்சா மேல உள்ள துணி, பிளாஸ்டிக் எல்லாம் எங்க வலையிலதான் வந்து விழும் அண்ணாச்சி. மீன் அப்புறம்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பழகிப்போன குரலில் சொன்னார். காலையில் நாங்கள் பாபநாசத்தில் பார்த்த துணிகளுக்கும் இவர் வலைக்கும் நடுவே இருப்பது ஒரு பகல் தூரம்தான். தம்பி பேத்தி, ஆறாம் வகுப்பு படிக்கிறவள், "அங்க போடுறது இங்க வருதா தாத்தா?" என்று கேட்டாள். எந்தப் பாடப்புத்தகமும் இதை அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் சொல்லிக் கொடுத்திருக்காது.

"சாக்கடையை நிறுத்துவது அரசாங்க வேலை, எங்களைச் சொல்லி என்ன சார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான், அது மாநகராட்சியும் அரசும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் கேட்க ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும். பாலத்திலிருந்து பார்ப்பவன் கேட்க மாட்டான். கடைமடை வரை போய்ப் பார்த்தவன் கேட்பான். உங்களில் கவுன்சிலர் இருக்கிறீர்கள், பொறியாளர் இருக்கிறீர்கள், ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். அவரவர் இடத்திலிருந்து கேளுங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அது மழைக்காலம். அணை திறக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பிள்ளைகளை ஆழத்தில் இறக்காதீர்கள். சோப்பு, ஷாம்பு பாக்கெட், பழைய துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள், கூட வரும் பெரியவர்கள் சொன்னாலும் சரி.

போய் வந்து பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். படங்களைவிட அந்தக் கேள்விகளைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

அன்புடன்,
உங்கள் சார்