ஊருக்கு ஊர் சமையல்: புருணையின் அம்புயாட்

ஜவ்வரிசி என்றால் நமக்குப் பாயசமும் வடாமும்தான். அதே சேகோ மாவைக் களியாகக் கிளறி, விருந்தாளிக்குப் பெருமையாய்ப் பரிமாறுகிற தேசம் ஒன்று இருக்கிறது. போர்னியோ தீவின் வடகரையில் உள்ள புருணை. ஜனத்தொகை சுமார் நாலரை லட்சம்தான். எங்கள் எதிர்வீட்டு அம்மாவின் பெண் சில வருஷம் அங்கே குடித்தனம் செய்தவள். அவளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தினமும் சாப்பிடுவது என்னவோ அரிசிச் சோறுதான். சோறு, பொரித்த கோழி, மிளகாய்ச் சம்பல் மூன்றையும் பொட்டலம் கட்டி ‘நாசி காத்தோக்’ என்று மலிவாக விற்பார்களாம். மது விற்பனைக்கு 1991 முதல் தடை. அதனால் ஆற்றிய டீயும் பழரசமும்தான். டீயில் கொட்டும் கண்டென்ஸ்டு பாலைப் பார்த்தால் நம் ஊர் சர்க்கரை வியாதிக்காரர்கள் பயந்தே போவார்கள்!

அவர்கள் பெருமையாய்ச் சொல்வது ‘அம்புயாட்’. சேகோ பனையின் தண்டுச் சோற்றைச் சுரண்டி, தண்ணீரில் அலசினால் அடியில் மாவு தங்கும். அதைக் கரைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறினால் கண்ணாடி மாதிரி பசையாகிவிடும். சாந்தாஸ் என்ற இரட்டை மூங்கில் குச்சியில் சுற்றி எடுத்து, புளிப்பும் காரமுமான தொக்கில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஆறினால் ருசி போச்சு.

நம் சேலத்து ஜவ்வரிசி பனையில் வருவதல்ல, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது பிடித்துக்கொண்ட தொழில் இது. அதே போரில், 1941 டிசம்பரில் ஜப்பானியர் புருணையில் இறங்கினார்கள். அரிசிப் பஞ்சம் வந்தது. அப்போது அங்கே வயிற்றை நிரப்பியதில் சேகோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

வயிறு நிரம்பும், சரி. சத்து? நூறு கிராம் சேகோ மாவில் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. எல்லாம் வெறும் மாவுச்சத்து. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெண்கள் அம்புயாட்டைத் தனியாக வைப்பதே இல்லை. பக்கத்தில் மீன், இறால், வதக்கிய கீரை என்று நாலு கிண்ணமாவது இருக்கும்.

நம்மில் எத்தனை பேர், “குழந்தை கொழுகொழுன்னு வரும்” என்று ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டும் வேளாவேளைக்குப் புகட்டுகிறோம்! எடை ஏறலாம், ரத்தம் ஊறாது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கொடுப்பதானால், ஒரு பிடி ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும்வரை வேகவையுங்கள். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு இரண்டு பிடி, மசித்த கீரை கொஞ்சம், துளி நெய் சேர்த்து நன்றாகக் கடைந்துவிடுங்கள். முழு முத்து தட்டுப்படக் கூடாது, தொண்டையில் ஒட்டும். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். அம்புயாட் பசையைச் சின்னக் குழந்தைகளிடம் காட்டவே காட்டாதீர்கள். அது பெரியவர்கள் பண்டம்.