கடல் ஆய்வு வேலை பயாலஜி படிச்சவங்களுக்கு மட்டும்தானா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா நம்ம கேம்பஸ்ல ஐ.டி. கம்பெனியும் பேக்கேஜும்தான் பேச்சு. கடல் ஆராய்ச்சி நிறுவனத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னா, "அது மீன், நண்டு படிக்கிறவங்களுக்குப்பா"ன்னு கடந்து போயிடுறோம். அது தப்பான கணக்குன்னு நான் நினைக்கிறேன்.

சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தையே எடுத்துக்கோங்க. மூணு பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோற மத்ஸ்யா 6000 இவங்க திட்டம்தான். அந்த ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல சுமார் 600 மடங்கு. அதைத் தாங்கும் டைட்டானியம் கோளத்தை யார் வடிவமைப்பாங்க? மெக்கானிக்கல் ஆள். ரேடியோ அலை கடல்நீருக்குள்ள அதிக தூரம் போகாது. ஒலி வழியாத்தான் பேசணும். அது இ.சி.இ. வேலை. உலகக் கடல்களில் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள், 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை போய்வந்து தரவு அனுப்புது. அதை அலசிப் பார்க்க சி.எஸ்.இ. ஆள் வேணும். பயோடெக் நண்பர்களுக்கு ஒண்ணு: ரத்தப் புற்றுநோய்க்குத் தர்ற சைட்டராபின், கடற்பஞ்சில் கிடைத்த வேதிப்பொருட்களை வழிகாட்டியா வச்சு உருவான மருந்து.

தகுதி? ஜே.ஆர்.எஃப். பணிக்கு எம்.எஸ்சி.யோட நெட் தேர்ச்சி கேட்பாங்கன்னு தெரியும். பி.இ., பி.டெக். முடிச்சு கேட் தேர்ச்சி பெற்றிருந்தாலும் மத்திய அரசு விதிப்படி விண்ணப்பிக்கலாம். விளம்பரத்தில் உங்க பிரிவு இருக்கணும், அவ்வளவுதான். 2023 முதல் மாதம் ரூ.37,000, அதோட வீட்டு வாடகைப்படி. கேட் மதிப்பெண் 3 வருஷம் செல்லும்.

இனிப்பை மட்டும் சொல்லக் கூடாது. இதில் பெரும்பாலானவை தற்காலிகப் பணி. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகுதுன்னு ஆய்வு மாணவர்கள் பலமுறை போராடியிருக்காங்க. கல்விக் கடன் தவணை கட்டுற வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. பணம் நேரத்துக்கு வராத வரைக்கும், ஆராய்ச்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான இடமாத்தான் இருக்கும். "இளைஞர்கள் ஆராய்ச்சிக்கு வரலையே"ன்னு வருத்தப்படுறவங்க முதல்ல இதைச் சரிசெய்யட்டும்.

அதனால, சேரும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: ப்ராஜெக்ட் இன்னும் எத்தனை மாசம் இருக்கு? பணம் மாசாமாசம் வருதா? இந்த வேலையோடவே பிஎச்.டி. பதிவு செய்ய முடியுமா? பதில் திருப்தியா இருந்தா தைரியமா போங்க.

நம்ம பிளேஸ்மென்ட் செல்லுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்கள் பல, ரெண்டு மூணு வாரத்துல காலாவதியாகிடும். கம்பெனி டிரைவ் நோட்டீஸுக்குப் பக்கத்துல இதுக்கும் ஒரு ஓரம் கொடுங்க. போறதா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம். முதல்ல தகவல் எங்க கைக்கு வரணும்.