சூடானால் நிற்கும் வேன்

நாகர்கோவிலில் ஏற்றிய காய்கறி, விடிவதற்குள் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் இறங்கியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை அது. அன்று மாட்டு வண்டி. இன்று டீசல் வேன். களியக்காவிளை தாண்டியதும் வேன் திடீரென்று அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், டிரைவரின் சந்தேகம் டீசல் மீதுதான் விழும். ஃபில்டர் மாற்றுவார்கள், டேங்கைக் கழுவுவார்கள். மறுநாளும் வேன் நிற்கும்.

காமன் ரெயில் எஞ்சின் உள்ள பழைய வேன்களில் இப்படி நடந்தால் முதலில் கவனிக்க வேண்டியது கிராங்க் சென்சார். விரல் அளவே உள்ள இந்தப் பொருள், சுழலும் பல்சக்கரத்தைக் கவனித்து எஞ்சினின் வேகத்தையும் நிலையையும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தகவல் நின்றால் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். சென்சாருக்குள் இருக்கும் காயில் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்வதுதான் வம்பு. ஒர்க் ஷாப் போய்ச் சேர்வதற்குள் வேன் ஆறிவிடுகிறது. சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

ஸ்கேனரில் பி0335 என்ற எண் வந்தால் உடனே புது சென்சார் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் சென்சாரை மட்டும் குறிப்பதல்ல. வயர், கனெக்டர் உட்பட அந்த இணைப்பு முழுவதையும் குறிக்கிறது. எண்ணெய் இறங்கிய கனெக்டரும் உராய்ந்து தேய்ந்த வயரும் அதே எண்ணைத்தான் காட்டும்.

எனவே வண்டி சூட்டில் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யமாகவே இருந்தால் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். வேகம் தெரிந்து, ரெயில் அழுத்தம் ஏறாவிட்டால் கோளாறு டீசல் பக்கம். அடுத்து வயரை அசைத்துப் பார்க்கலாம். காயில் வகை சென்சார் என்றால், சூடு ஆறும் முன் கழற்றி மீட்டரில் ஓம் அளக்கலாம். அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மூன்று வயர் கொண்ட ஹால் வகைக்கு ஓம் சோதனை உதவாது. மின்சாரம் வருகிறதா, சிக்னல் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்டரும் பொறுமையும் இருந்தால் அரை மணி நேர வேலை. ஊகத்தில் பொருள் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் வேன்காரருக்குப் பணம் போகிறது. வாடகை நாளும் போகிறது. வெயில் ஏறிய பிறகு சாலைக்கு வந்து சேரும் வாடிய கீரையை யாரும் கேட்ட விலைக்கு வாங்குவதில்லை.