நல்ல ராம் சிப்பை ஏன் நொறுக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் போர்டு வேலை பார்ப்பவன் நான். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளின் டெட் போர்டுகளை அண்மையில் விலைக்குக் கேட்டேன். “பதிவு பெற்றவர்களுக்குத்தான் கொடுப்போம். அவர்களும் முழுசாக அரைத்துவிட்டுச் சான்று தரவேண்டும். டேட்டா வெளியே போய்விடக் கூடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டேட்டா இருப்பது ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, இஎம்எம்சி சிப் இவற்றில்தான். அவற்றைக் கண்ணெதிரே உடைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ராம் சிப் அந்த வகையல்ல. கரண்ட் இருக்கும்போதே 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பித்தால்தான் அதில் எழுதியது நிற்கும். கரண்ட் நின்றால் சற்று நேரத்தில் எல்லாம் போய்விடும். மாதக்கணக்கில் குடோனில் கிடந்த போர்டின் ராமில் யாருடைய ரகசியமும் மிச்சமிருக்காது.

பவர் பகுதி ஷார்ட் ஆகியோ தண்ணீர் பட்டோ செத்துப்போன போர்டுகளில் பலவற்றில் ராம் நன்றாகவே இருக்கும். ஆனால் மெல்லிய லேப்டாப்புகளில் அதைப் போர்டோடு பற்றவைத்துவிடுவதால், கையால் கழற்ற வராது. போர்டின் அடியில் சூடு கொடுத்து, சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் பசை விட்டு, மேலிருந்து ஹாட் ஏர் காட்ட வேண்டும். இப்போதைய ஈயமில்லாப் பற்று பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். ட்வீசரால் லேசாகத் தொட்டால் சிப் அசைந்து, தானாகப் பழைய இடத்துக்கு வரும், அப்போதுதான் தூக்கலாம். அவசரப்பட்டால் பேடு பிய்ந்துகொண்டு வரும். பிறகு அடியிலுள்ள பற்றுப் புள்ளிகள் அத்தனையையும் துடைத்து, ஸ்டென்சில் வைத்துப் புதிய பற்று உருண்டைகளைப் பதித்து (ரீபாலிங்), வேறு போர்டில் ஏற்றி டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். இத்தனை பொறுமை கேட்கிற வேலை இது.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் இந்த வேலைக்கெனத் தனி இடம் இல்லை. பெரிய அலுவலகங்கள் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் கழிவைக் கொடுக்கலாம். புதுப்பிப்பது என்றால் பழுதான கருவியையே சரிசெய்து ஓடவைப்பது. செத்த போர்டிலிருந்து சிப் எடுப்பது அதில் சேராது. மறுசுழற்சிக்கான சான்றிதழோ தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு எவ்வளவு தேறியது என்ற கணக்கில் கிடைக்கிறது. ஓடுகிற சிப்புக்கும் உடைந்த சிப்புக்கும் அந்தத் தராசில் ஒரே எடைதான்.

ராம் விலை 2025 கடைசியில் கிடுகிடுவென்று ஏறிய நேரத்திலும் இதுதான் நடைமுறை. ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் உற்பத்தி திரும்பியதில், மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூஷியல்’ சில்லறை வியாபாரத்தையே கைவிடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இங்கே சிப் தொழிலை வளர்க்க 76,000 கோடி ரூபாய் திட்டம் போட்டிருக்கிற அரசு, கையிலிருக்கும் நல்ல சிப்பை அரவை எந்திரத்தில் விழவிடுவது என்ன கணக்கு?

ஆசிட் தொட்டியில் போர்டை ஊறவைப்பதையும் ஒயரை எரிப்பதையும் தடுக்கத்தான் இந்த விதிகள் என்பதை மறுக்கவில்லை. பழைய சிப்பின் தலையைச் சுரண்டி, வேறு எண் அச்சடித்துப் புதுசென்று விற்கும் மோசடியும் உண்டு. இதற்கெல்லாம் மருந்து ரசீதும் கணக்கும்தான்.

ஆகவே, அரைப்பதற்கு முன் உதிரிபாகம் எடுப்பதை ஒரு கட்டமாக விதியில் சேர்க்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முன்வர வேண்டும். மறுசுழற்சியாளரிடம் சிறு கடைகள் ரசீதோடு போர்டு வாங்கவும், சிப் எடுத்தபின் மீதியைத் திருப்பிக் கொடுக்கவும், ‘பழையது’ என்று குறித்தே விற்கவும் வழி செய்யட்டும். அதுவரை அலுவலகங்கள் தங்கள் ஏல நிபந்தனையில் ‘முழுவதும் அரைக்க’ என்பதை அடித்துவிட்டு, ‘டேட்டா சேமிக்கும் பாகங்களை அழிக்க’ என்று எழுதலாமே! அப்படி எழுதினால், பதிவு பெற்ற புதுப்பிப்பவர்களாவது, சரிசெய்ய முடிகிற போர்டை ஓடவைத்து அந்த ராமைக் காப்பாற்றிவிடுவார்கள். அதற்கு எந்த அரசாணைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
போர்டு டெக்னீஷியன் ஒருவர்,
சென்னை-2.