நாய்க்குட்டிக்குச் சவரப்பெட்டி

தென்காசியில் இப்போது ஒரு புதுப் பெருமை கிளம்பியிருக்கிறது. நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் சவரப்பெட்டி வந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் கம்பிப் பிரஷ், பல் அகன்ற சீப்பு, பல் நெருங்கிய சீப்பு, வளைந்த கத்தரி, நகவெட்டி, மின்சாரத்தில் ஓடும் கிராப்பு மிஷின்! கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை ஜோடனைச் சாமான் கிடையாது. குட்டிக்கு வயது இரண்டு மாதம். ரோமம் அரை விரற்கடை.

வாங்குகிறவர்களுக்கு நாயிடம் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரியம் இருக்கிறது, பார்வைதான் இல்லை. குட்டியின் உடம்பைப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்க வேண்டியிருக்க, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பதோ பஞ்சு மூட்டை மாதிரி ஒரு சீமை நாய்.

நம்மைச் சுற்றி உள்ள சாதி நாய்கள் எவை? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. மலைக்கு வடக்கே போனால் கோம்பை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே போட்டாகிவிட்டது. எல்லாமே குட்டை ரோமம், உடம்போடு ஒட்டிக் கிடப்பது. கம்பிப் பிரஷ் எதற்காக ஏற்பட்டது? அடர்ந்து நீண்ட மயிரில் விழும் சிக்கை எடுப்பதற்காக. சிக்கே விழாத உடம்பில் அதை இழுத்தால் கம்பி முனை நேரே தோலைக் கீறும். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. குட்டி என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கையைக் கடிக்கும். உடனே வீட்டில் தீர்ப்பு: "இது கடிக்கிற நாய்." பிறகு சங்கிலி. பிறகு ஒரு நாள் குற்றாலம் ரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவது. ஐந்தருவிக்குப் போகிற வழியில், நின்ற காரையெல்லாம் ஓடி ஓடி முகர்ந்து பார்க்கிற நாய்களை நான் கண்டிருக்கிறேன். தெருவில் பிறந்த நாய் அப்படிக் காரைத் தேடாது.

இந்தக் குட்டிகளுக்கு வேண்டியது குமிழ் குமிழாக இருக்கும் ரப்பர் பிரஷ் ஒன்று, பழந்துண்டு ஒன்று, பல் நெருங்கிய சீப்பு ஒன்று, நகவெட்டி ஒன்று. தீர்ந்தது பட்டியல். வெள்ளை ராஜபாளையம் குட்டியானால் இன்னொரு எச்சரிக்கை. அந்த வெண்மையோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. பின்னால் போய் நின்று முதுகில் பிரஷை வைத்தால், காது கேளாத குட்டி திடுக்கிட்டுப் பாயத்தான் செய்யும். முகத்துக்கு எதிரே போய், கையைக் காட்டிவிட்டுத் தொட வேண்டும்.

கிராப்பு மிஷினைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் தெருவில் ஒருவர் சைபீரியப் பனியில் வண்டி இழுத்த வமிசத்து நாய் ஒன்றை வளர்க்கிறார். சித்திரை வெயிலில் அதைச் சுத்தமாக வழித்துவிட்டு, "மொட்டை அடிச்சாச்சு அண்ணாச்சி, இனிமே குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார். முருகனுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி! நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும். அதன் வெளிமயிர் வெயிலையும் தடுக்கிற கூரை. கூரையைப் பிரித்துவிட்டால் வீடு குளிருமா? உள்ளே பஞ்சு போல் உதிர்கிற மயிரை அதற்கென்று உள்ள அகன்ற சீப்பால் வாரி எடுத்தால் போதும், காற்றுப் புகும். வழித்த மயிர் பழையபடி முளைக்கும் என்பதும் நிச்சயமில்லை. அதற்கு வேண்டிய குளிர்ச்சியைக் கொடுக்க முடியாதவர் அந்த நாயை வாங்கியிருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். அவரிடமே சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை.

எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. "நாட்டு நாய்க்கு என்னத்துக்குவே சீப்பு? எங்க தாத்தா காலத்துல வாங்கினோமா?" என்பார்கள். தாத்தா சீப்பு வாங்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் நாயின் தலையை வைத்து, காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு என்று தடவித் தடவி உண்ணி பார்த்தாரே, அதை ஏன் சொல்லுவதில்லை? செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிட்டால் ஆனி, ஆடியில் துண்டே காயாது. நாயின் விரலிடுக்கு காயுமா? தினம் துவட்ட வேண்டும். உண்ணி வெறும் அரிப்புச் சமாச்சாரமும் இல்லை; எர்லிக்கியா, பபேசியா என்ற ரத்த நோய்களை அதுதான் கொண்டுவருகிறது. குட்டி இரண்டே நாளில் துவண்டு போகும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது, பீடி நெருப்பால் சுடுவது எல்லாம் கொடுமை. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் உள்ளே போய் நுரையீரலைக் கெடுக்கும். சூடு பட்ட உண்ணி தன் எச்சிலை ரத்தத்தில் கக்கிவிடும். சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேரே மெதுவாக இழுத்தால் தலையோடு வரும். காதுக்குள் பஞ்சுக் குச்சியை விடாதீர்கள். நாயின் செவிக்குழல் உள்ளே மடங்கிப் போவது, குச்சி அழுக்கை இன்னும் ஆழத்தில் தள்ளும். வெளுத்த நகத்தில் இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரியும். அதற்கு முன்னால் நிறுத்துங்கள். கறுத்த நகமானால் நுனியை மட்டும் சீவுங்கள்.

முதல் வாரம் ஒன்றையும் உபயோகிக்க வேண்டாம். பிரஷைத் தரையில் போடுங்கள். குட்டி முகர்ந்து பார்த்து, புரட்டி, சலித்துப் போகட்டும். வெறுங்கையால் பாதத்தைப் பிடித்து விடுங்கள், காதைத் தூக்கிப் பாருங்கள், ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். மிஷினை மட்டும் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று விசாரியுங்கள்.