கோர்களை நிறுத்தினால் சார்ஜ் மிஞ்சுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சிக்கனம் ஏழை வீட்டின் முதல் பாடம். ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கும் அந்தப் பாடம் புதிதன்று. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் எத்தனையோ எளிய இல்லங்களுக்குள் கணினி நுழைந்தது. அவ்வில்லங்களில் பேட்டரி பழுதானால் உடனே புதிது வாங்க வழியிராது. ஆகவே, ஏற்றிய சார்ஜ் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பது நமக்குச் சிறிய கேள்வியன்று.

இந்நிலையில் மாணவரிடையே ஒரு யோசனை உலவுகிறது. செயலியில் நான்கு கோர்கள் இருந்தால் இரண்டை நிறுத்திவிடு, சார்ஜ் நெடுநேரம் நிற்கும் என்பதே அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானம் இதை ஏற்குமா என்று பார்ப்போம்.

முதலாவது, வேலையில்லாத கோர் தானாகவே உறங்கிவிடுகிறது. 2008-இல் இன்டெல் வெளியிட்ட நெகாலம் வகைச் செயலிகளிலேயே, சும்மா இருக்கும் கோருக்குச் செல்லும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அதை நாம் நிறுத்துவது, அணைந்த விளக்கை மறுபடி அணைப்பது போன்றதே.

இரண்டாவது, வேலை இருக்கும்போது என்ன நடக்கிறது? செயலி இயங்கச் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்த்தகவில் உள்ளது. ஒரே கோர் முழு வேகத்தில் ஓடும்போது ஆகும் செலவு 1 என்று கொள்வோம். அதே வேலையை இரண்டு கோர்கள் பாதி வேகத்தில் பகிர்ந்து செய்ய, மின்னழுத்தமும் 0.8 பங்காகக் குறைந்தால், செலவு 2 × 0.64 × 0.5, அதாவது 0.64 ஆகிறது. ஊர் கூடித் தேர் இழுத்தால் எவர் தோளும் நோவதில்லை அல்லவா? 2004-இல் இன்டெல் நிறுவனம், வேகத்தையே நம்பிய பென்டியம் வரிசையின் அடுத்த செயலியைக் கைவிட்டுப் பல கோர்களின் பக்கம் திரும்பியதற்கு வெப்பமும் மின்செலவும் முக்கியக் காரணங்கள். சிக்கனத்துக்காகவும் வந்ததைச் சிக்கனத்தின் பெயரால் நிறுத்துவது விந்தையன்றோ!

கோர்களைக் குறைத்தால் மணிக்கு ஆகும் செலவு சில வேளைகளில் குறையும் என்பது உண்மையே. ஆனால் கனமான வேலை முடிய நேரம் நீளும். அதுவரை திரையும் நினைவகமும் விழித்திருந்து சார்ஜைத் தின்றுகொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தால் இலாபம்; முடிந்த வேலையைப் பார்த்தால் பெரும்பாலும் நட்டம்.

அப்படியாயின் வழி என்ன? திரையின் ஒளியைக் குறைப்போம். பின்னணியில் ஓடும் வேண்டாத நிரல்களை மூடுவோம். கணினியிலேயே உள்ள மின்சிக்கன அமைப்பைப் பயன்படுத்துவோம். 48 வாட்-மணி கொண்ட பேட்டரி, 8 வாட் செலவில் 6 மணி நேரம் வரும். செலவை 6 வாட்டாகக் குறைத்தால் அதுவே 8 மணி நேரம் வரும். கிடைக்கும் இரண்டு மணி நேரம், தேர்வுக்கு முந்திய இரவில் எவ்வளவு பெரிது என்பதை விடுதி மாணவர் அறிவர்.

நண்பர்களே, வழிகாட்ட வீட்டில் படித்தவர் இல்லாத நம்மைப் போன்றோரிடம் செவிவழிச் செய்தி எளிதில் வேரூன்றிவிடுகிறது. அதற்கு மருந்து ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் கற்கும் முறைதான். ஒரே வேலையை, ஒரே திரையொளியில், எல்லாக் கோர்களோடும் பாதிக் கோர்களோடும் செய்து பாருங்கள். வேலை முடிந்ததும் எஞ்சிய சார்ஜைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காக இதையும் நம்ப வேண்டாம். அளந்து பார்த்து நம்புங்கள்.